செருப்புக் காவலுக்கும் ஒரு டிக்கெட்: குடும்பத்தோடு தீம் பார்க் போகலாமா?

போன வருஷம் மே மாதம் ஒரு தீம் பார்க்கில் என் மாமியார் ஆறரை மணி நேரம் புங்கை மரத்தடி சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் நான்கு ஜோடிச் செருப்பு, இரண்டு பை, ஒரு ஈரத்துண்டு. முழங்கால் தேய்மானம் என்பதால் எதிலும் ஏற முடியாது. புடவை கட்டியிருந்ததால் தண்ணீரில் இறங்கவும் விடவில்லை. ஆனால் வாசலில் மட்டும் அவருக்கும் எல்லாரையும் போல முழு டிக்கெட். சாயங்காலம் வண்டியில் ஏறும்போது கேட்டார்: "ஏம்மா, செருப்புக்குக் காவல் குந்தறதுக்கா எனக்கு அம்மாங்காசு குடுத்தீங்க?"

அதற்கு என்னிடம் பதில் இல்லை. இப்போது பையன் மறுபடியும் ஆரம்பித்திருக்கிறான். இந்தத் தடவை வொண்டர்லா. வகுப்பில் பாதிப் பேர் போய்விட்டு வந்தார்களாம். சரி, இம்முறை உணர்ச்சிவசப்பட்டு டிக்கெட் எடுக்காமல், பேப்பரும் பேனாவும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

முதலில் எங்கள் வீட்டு நிலவரம். வடசென்னையில், திருவொற்றியூர் காலடிப்பேட்டையில் குடியிருக்கிறோம். வீட்டுக்காரர் டோல்கேட் பக்கம் டூ வீலர் மெக்கானிக் ஷெட் வைத்திருக்கிறார். அவர் கடை சாத்தினால் அன்றைய வரும்படி போச்சு. நான் பாரிமுனையில் ஒரு கிளியரிங் ஏஜென்ட் ஆபீஸில் கணக்கு எழுதுகிறேன். பையனுக்குப் பதினொன்று, பெண்ணுக்கு ஆறு, அத்தைக்கு அறுபத்தெட்டு. ஐந்து பேருக்கும் ஐந்து விதமான உடம்பு. தீம் பார்க் தகுமா தகாதா என்பதை விலைப்பட்டியலைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது, இந்த ஐந்து உடம்பையும் பார்த்தால்தான் தெரியும் என்பது எனக்குப் போன வருஷம் புரிந்த சங்கதி.

வொண்டர்லா 2025 டிசம்பரில் திருப்போரூர் பக்கம் இள்ளலூரில் திறந்தது. கொச்சி, பெங்களூரு, ஹைதராபாத், புவனேஸ்வர் என்று வரிசையாகத் திறந்து கடைசியாக நம் ஊருக்கு வந்திருக்கிறார்கள். பையன் ஏற ஆசைப்படுவது 'தஞ்சோரா' என்கிற ரோலர் கோஸ்டர். தண்டவாளத்துக்குக் கீழே தொங்கிக்கொண்டு, கால் அந்தரத்தில் ஆட ஓடும். திறந்தபோது டிக்கெட் 1,489 ரூபாயில் ஆரம்பித்தது. கிழமையையும் சீசனையும் பொறுத்து ஏறி இறங்கும். அங்கே சிறுவர் டிக்கெட் வயதை வைத்து அல்ல, உயரத்தை வைத்துத்தான். 85 சென்டிமீட்டருக்குக் கீழே இருந்தால் இலவசம், 85 முதல் 140 வரை சிறுவர், அதற்கு மேல் பெரியவர்.

எங்கள் வீட்டுச் சமையலறைக் கதவு நிலையில் பென்சில் கோடுகள் உண்டு. ஒவ்வொரு பிறந்த நாளுக்கும் குழந்தைகளை நிற்க வைத்து வீட்டுக்காரர் கோடு போடுவார். பையன் இப்போது 142. அதாவது பெரியவர் டிக்கெட், ஆனால் பயங்கரமான ராட்டினங்கள் எல்லாவற்றிலும் ஏறலாம். பெண் 116. சிறுவர் டிக்கெட், ஆனால் அண்ணன் ஏறுகிற பெரிய ராட்டினம் எதிலும் அவளுக்கு அனுமதி இல்லை. சிறுவர் டிக்கெட் பாதி விலை என்று நினைத்துவிடாதீர்கள். கொஞ்சம்தான் குறைவாக இருக்கும்.

ஆக, நான்கு பெரியவர் டிக்கெட் 5,956. பெண்ணுக்கு ஒரு 1,200 வைத்துக்கொள்ளலாம். அதுவே ஏழாயிரத்தைத் தாண்டிவிட்டது. இதோடு முடிந்தால் பரவாயில்லை. டிக்கெட் விலை அடையாறுக்காரருக்கும் எண்ணூர்க்காரருக்கும் ஒன்றுதான், வண்டி வாடகைதான் நம்மைத் தனியாகக் கவனிக்கிறது. இந்த ஊரில் தீம் பார்க் என்று எதைச் சொன்னாலும் தெற்கே இருக்கும், இல்லாவிட்டால் மேற்கே. முட்டுக்காடு, ஈஞ்சம்பாக்கம், பூந்தமல்லி தாண்டி, இப்போது திருப்போரூர். வடக்கே நமக்குக் கொடுத்திருப்பது துறைமுகம், மணலி எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை, அனல் மின் நிலையங்கள். இங்கிருந்து இள்ளலூர் ஐம்பது கிலோமீட்டருக்கு மேல். போக வர நூறைத் தாண்டும். தெரு முனை டிராவல்ஸில் நாள் வாடகை 3,800 கேட்டார்கள். ஓஎம்ஆர் என்கிற பழைய மகாபலிபுரம் சாலையில் மெட்ரோ வேலை நடக்கிற இடங்களில் வண்டி ஊர்ந்துதான் போக வேண்டும். மாதவரத்திலிருந்து சிறுசேரி சிப்காட் வரை அந்த மெட்ரோ ஓட ஆரம்பித்தால் நம் பக்கத்து ஜனங்களுக்கு ஒரு வழி பிறக்கும். அப்போதும் சிறுசேரியில் இறங்கி இன்னும் தெற்கே போகத்தான் வேண்டும்.

அப்புறம் சாப்பாடு. வெளிச் சாப்பாட்டைப் பெரும்பாலான பூங்காக்கள் உள்ளே விடுவதில்லை. போன வருஷம் நாங்கள் போன இடத்தில் வாசலில் பையைத் திறந்து பார்த்து, புளியோதரை டப்பாவை வெளியே எடுத்து வைத்துவிட்டார்கள். குழந்தைச் சாப்பாடு என்றால் விடுவார்களாம். ஆறு வயதுக் குழந்தை ஐந்து பேர் புளியோதரை சாப்பிடாது என்று அந்த செக்யூரிட்டி அம்மாவுக்கும் தெரிந்திருந்தது. மத்தியானச் சாப்பாடு, தண்ணீர் பாட்டில், ஐஸ்க்ரீம் எல்லாம் சேர்த்து 1,800 என்று போட்டேன். லாக்கர், நைலான் உடுப்புக்கு 900.

இந்த நைலான் விஷயத்தைக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும், முதல் தடவை போகிறவர்கள் மாட்டிக்கொள்கிற இடம் அது. அலைக்குளத்தில் பருத்தித் துணியோடு இறங்க விடமாட்டார்கள். நூல் பிரிந்து ஃபில்டரை அடைத்துக்கொள்ளும் என்பது காரணம், நியாயம்தான். என் வீட்டுக்காரர் நல்ல காட்டன் பெர்முடா போட்டுக்கொண்டு குளத்து விளிம்பு வரை போய்விட்டார். அங்கே விசிலோடு நின்ற பையன் பெர்முடாவின் ஓரத்தை இரண்டு விரலால் தேய்த்துப் பார்த்தான். ஜவுளிக்கடையில் துணி பார்ப்பது மாதிரி. "காட்டன் சார், நாட் அலவுடு" என்றான். திரும்பி நடந்து, கடையில் 350 ரூபாய் கொடுத்து ஒரு நைலான் டிரவுசர் வாங்கி வருவதற்குள் அலை விடுகிற நேரம் முடிந்து குளம் சும்மா கிடந்தது. சுடிதாரோடு வந்த பெண்கள் நிறையப் பேர் கரையில் நின்று கைபேசியில் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். நானும் அந்தக் கூட்டத்தில் ஒருத்தி.

மொத்தம் 13,656 வருகிறது. கடை சாத்துகிற நட்டம் தனி. ஜிஎஸ்டி இதிலேயே அடங்குமா, மேலே போடுவார்களா என்றும் பார்த்துக்கொள்ள வேண்டும். 2018 ஜனவரியில் 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைத்தார்கள், இருந்தாலும் ஏழாயிரத்துக்கு 18 என்றால் சும்மா இல்லை.

இவ்வளவு கொடுத்து வாங்குவது என்ன? போன வருஷம் பையன் ஏறியதை எண்ணி வைத்திருந்தேன். பதினோரு மணியிலிருந்து ஐந்தரை மணிக்குள் பெரிய ராட்டினம் ஆறு. ஒவ்வொன்றும் இரண்டு மூன்று நிமிஷம். மீதி எல்லாம் வரிசை. விடுமுறை நாள் என்றால் ஒன்றுக்கு முக்கால் மணி நேரம் நிற்க வேண்டியிருந்தது. கூட்டிப் பார்த்தால் காற்றில் பறந்தது கால் மணி நேரம். ஆனால் இதைச் சொல்லிவிட்டு இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அந்தக் கால் மணி நேரத்தைப் பற்றி அவன் பத்து மாதமாகப் பேசிக்கொண்டிருக்கிறான். இறங்கி வந்தபோது அவன் முகம் வெளுத்து, தலைமுடி நட்டுக்கொண்டு, வாய் மட்டும் காதுவரை சிரித்தது. அந்த முகத்துக்கு என் கணக்கு நோட்டில் எந்தக் கட்டத்திலும் இடமில்லை. பெண்ணிடம் அன்றைக்கு எது பிடித்தது என்று கேட்டால், வாசலில் சோப்பு நுரை ஊதி விற்ற அண்ணனைச் சொல்கிறாள். அது இருபது ரூபாய்.

செலவைக் குறைக்க இன்னும் கிட்டே உள்ள பூங்காவுக்குப் போகலாமே என்றால், பார்த்தேன். ஈஞ்சம்பாக்கம் விஜிபி இங்கிருந்து முப்பது கிலோமீட்டர் போல. கடற்கரையை ஒட்டிய இடம், அத்தைக்குக் காற்று வாங்கவாவது ஆகும். அந்தக் காலத்தில் அங்கே சிலை மாதிரி அசையாமல் நின்ற, சிரிக்காத மனிதரைச் சிரிக்க வைக்க எங்கள் வகுப்பே முயன்று தோற்றிருக்கிறது. பக்கத்தில் 2019-இல் திறந்த மீன் காட்சியகம் நன்றாக இருக்கும் என்கிறார்கள், அதற்கு டிக்கெட் தனி. பூந்தமல்லி தாண்டி குயின்ஸ்லேண்டுக்கு நம் பக்கத்திலிருந்து ஊருக்குள் போகாமல் மாதவரம், பைபாஸ் என்று வெளியே வெளியே போய்விடலாம், அது ஒரு வசதி. ஆனால் இரண்டிலும் அடிப்படைச் சிக்கல் அப்படியேதான் இருக்கிறது. பையன் ஏறுவான், பெண் அண்ணாந்து பார்ப்பாள், அத்தை செருப்பு பார்ப்பார். செலவு குறைகிறது, பிரச்சினை குறையவில்லை.

வண்டலூர் மிருகக்காட்சி சாலை வேறு ரகம். 602 ஹெக்டேர், 1985-இல் அங்கே திறந்தது. அதற்கு முன் சென்ட்ரல் பக்கத்தில் இருந்த மிருகக்காட்சி சாலையை என் மாமியார் சின்ன வயதில் பார்த்திருக்கிறார், "செத்த காலேஜ் பார்த்துட்டு உயிர் காலேஜ் பாக்கப் போவோம்" என்பார். அந்தக் காலத்தில் மியூசியம் செத்த காலேஜ், மிருகக்காட்சி சாலை உயிர் காலேஜ். வண்டலூரில் பெரியவருக்கு 200 ரூபாய். காலடிப்பேட்டையில் மெட்ரோ ஏறினால் நேரே விமான நிலையம், அதிகபட்சக் கட்டணமே 50 தான். இறங்கி சுரங்கப்பாதை வழியாகத் திரிசூலம் ஸ்டேஷனுக்கு வந்து மின்சார ரயில் பிடித்தால் வண்டலூர். உள்ளே நடக்க முடியாதவர்களுக்கு பேட்டரி வண்டி உண்டு. இதில் அத்தையும் பெண்ணும் ஜெயிக்கிறார்கள். பையன் தோற்கிறான். தூங்குகிற சிங்கத்தைப் பார்க்க இவ்வளவு தூரமா என்று முதல் கூண்டிலேயே கேட்டுவிடுவான். செவ்வாய்க்கிழமை மூடியிருக்கும், காணும் பொங்கல் அன்று அந்தப் பக்கமே தலை வைக்கக் கூடாது.

பழவேற்காடு ஏரியையும் யோசித்தோம், வடக்கே நமக்கென்று இருப்பது அதுதான். ஆனால் 2011 கிறிஸ்துமஸ் அன்று படகு கவிழ்ந்து 22 பேர் இறந்த பிறகு சுற்றுலாப் படகுக்குத் தடை. படகு இல்லாமல் குழந்தைகளை அங்கே ஒரு நாள் பிடித்து வைக்க முடியாது.

மிச்சம் தீவுத்திடல் பொருட்காட்சி. இதை நான் முதலில் ஒரு போட்டியாகவே எடுத்துக்கொள்ளவில்லை. வொண்டர்லாவுக்கும் பொருட்காட்சிக்கும் ஒப்பீடா என்று நீங்களும் சிரிக்கலாம். கணக்கைப் பாருங்கள். போன முறை நுழைவுக் கட்டணம் பெரியவருக்கு 40, சிறுவருக்கு 25. ஐந்து பேருக்கு 170. ராட்டினங்களுக்கு உள்ளே தனித்தனியாகக் காசு, ஆளுக்கு நூறு ரூபாய் போல. குழந்தைகள் இருவரும் நாலு நாலு ஏறினால் 800. காலடிப்பேட்டையிலிருந்து சென்ட்ரல் மெட்ரோ ஆளுக்கு 30, போக வர 300, அங்கிருந்து ஆட்டோ 200. மிளகாய் பஜ்ஜி, டெல்லி அப்பளம், கரும்பு ஜூஸ் எல்லாம் 600. இரண்டாயிரத்து எழுபது ரூபாயில் முடிந்துவிடுகிறது.

விலையைவிட எனக்குப் பிடித்தது அதன் கணக்கு முறை. ஏறுகிறவனுக்கு மட்டும்தான் காசு. ஏறாதவர் நாற்பது ரூபாயோடு தப்பித்தார். அந்த நாற்பதுக்கு அத்தை ஒவ்வொரு அரசுத் துறை அரங்கிலும் நுழைந்து, கோயில் மாதிரியைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டு, நாற்காலி கண்ட இடத்தில் உட்கார்ந்து, துண்டுத்தாள் வாங்கி மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு வருவார். டெல்லி அப்பளம் அவர் முகத்தைவிடப் பெரிது. மிளகாய்ப் பொடியைத் தட்டிவிட்டு, விளிம்பிலிருந்து சுற்றிச் சுற்றிக் கடித்துக்கொண்டே வந்து நடுவில் கடைசித் துண்டைப் பெண்ணுக்குக் கொடுப்பார். இருவரும் அதை ஒரு சடங்காகவே வைத்திருக்கிறார்கள்.

பாதுகாப்பு பற்றிக் கேட்பீர்கள், நானும் கேட்டேன். சில மாதத்துக்கு நட்டுவிட்டுப் பிரித்துக்கொண்டு போகிற ராட்டினம், எவ்வளவு நம்பலாம்? பெரிய பூங்காக்களில் பராமரிப்பு நிச்சயம் மேல். ஆனாலும் 2025 மே மாதம் கிழக்குக் கடற்கரைச் சாலைப் பூங்கா ஒன்றில் ராட்டினம் உயரத்தில் நின்றுபோய், முப்பது பேருக்கு மேல் தீயணைப்புக்காரர்கள் வந்து இறக்க வேண்டியிருந்தது. எங்கள் வீட்டில் இதற்கு ஒரு வழி உண்டு. பொருட்காட்சியில் வீட்டுக்காரர் முதலில் ராட்டினத்தை ஒரு சுற்றுச் சுற்றி வருவார். அடியில் முட்டுக் கொடுத்த கட்டை, மோட்டார் பெல்ட், போல்ட்டில் பின் போட்டிருக்கிறார்களா என்று குனிந்து பார்ப்பார். ஆபரேட்டர்கள் முறைப்பார்கள், அதைக் கண்டுகொள்ள மாட்டார். ஒரு தடவை கப்பல் ஊஞ்சலைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார், நாங்கள் ஏறவில்லை. "பெரிய பார்க்குல எல்லாத்தையும் கவர் போட்டு மூடி வெச்சிருக்கான், நம்பித்தான் ஏறணும். இங்க போல்ட்டு கண்ணுக்குத் தெரியுது" என்பது அவர் கட்சி. எல்லா வீட்டிலும் மெக்கானிக் இருக்க மாட்டார் என்பதால் இதை நான் பொதுவான யோசனையாகச் சொல்லவில்லை. கையால் சுற்றுகிற சின்ன ராட்டினத்தோடு சிறுசுகளை நிறுத்திக்கொள்வது நல்லது.

பொருட்காட்சிக்குப் போனால் கூடவே மெரினா. திருவொற்றியூர்க்காரர்கள் கடல் பார்க்க மெரினா போவதா என்று கேட்கிறவர்கள் எங்கள் கரைக்கு வந்து பார்த்ததில்லை. 1870-களில் துறைமுகம் கட்ட ஆரம்பித்ததிலிருந்து, தெற்கேயிருந்து கரையோரமாக வடக்கே நகர்ந்து வந்த மணல் துறைமுகச் சுவரில் தடுத்து நின்றுவிட்டது. அந்தப் பக்கம் மெரினா அகன்றுகொண்டே போனது. இந்தப் பக்கம் ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை கரையை அலை தின்றது, இப்போது பாறாங்கல் கொட்டி வைத்திருக்கிறார்கள். வீட்டிலிருந்து அலைச் சத்தம் கேட்கும், ஆனால் குழந்தை உட்கார்ந்து வீடு கட்ட ஒரு கூடை மணல் கிடையாது. மெரினாவில் இருப்பது எங்கள் மணல்தான் என்று வீட்டுக்காரர் சொல்லுவார், அதற்கு டிக்கெட் இல்லாதது நியாயம் என்றும் சொல்லுவார். அங்கே அத்தை புடவையை முழங்கால் வரை தூக்கிச் செருகிக்கொண்டு அலையில் நிற்பார். விசில் ஊதி யாரும் துணியைத் தேய்த்துப் பார்ப்பதில்லை.

ஆக, பொருட்காட்சி ஜெயித்துவிட்டது என்று முடித்துவிடலாமா? அங்கேதான் பையன் இடிக்கிறான். அவனுக்குப் பொருட்காட்சி ராட்டினம் இனிமேல் சின்னப் பிள்ளை விளையாட்டு. கொஞ்சம் காத்திருடா, தங்கச்சியும் 140 தாண்டட்டும், எல்லாரும் சேர்ந்து போகலாம் என்று சொல்லத்தான் நினைத்தேன். கதவு நிலையைப் பார்த்தேன். அவள் அந்தக் கோட்டைத் தொட இன்னும் நாலு வருஷமாவது ஆகும். அப்போது இவனுக்குப் பதினைந்து. அந்த வயதில் அம்மா அப்பாவோடும் ஆயாவோடும் வருவானா, நண்பர்களோடு போவானா என்று எனக்கு நன்றாகத் தெரியும், நானும் அந்த வயதைத் தாண்டி வந்தவள்தான். அத்தையின் முழங்கால் நாலு வருஷத்தில் சரியாகப் போவதுமில்லை. எங்கள் வீட்டு ஐந்து பேருக்கும் ஒரே தீம் பார்க் பொருந்துகிற வருஷம் என்று ஒன்று வரவே போவதில்லை. இரண்டு பிள்ளைகளுக்கு நடுவே ஒன்றிரண்டு வயதுதான் வித்தியாசம், இருவரும் 140-ஐத் தாண்டிவிட்டார்கள், வீட்டில் பெரியவர்களுக்கு ஓடியாடத் தெம்பு இருக்கிறது என்றால் அந்தப் பதின்மூன்றாயிரத்தை நான் குறை சொல்ல மாட்டேன். தாராளமாகப் போங்கள், வார நாளாகப் பார்த்துப் போங்கள்.

எங்களுக்கு வேறு வழி. என் தம்பி சிறுசேரியில் வேலை பார்க்கிறான், நாவலூரில் அறை எடுத்துத் தங்கியிருக்கிறான். பள்ளி ஆண்டு விழாவுக்கு மறுநாள் புதன்கிழமை லீவு விட்டிருக்கிறார்கள். முந்தின நாள் ராத்திரியே பையனைக் கொண்டுபோய் நாவலூரில் விட்டுவிட்டால், காலையில் மாமனும் மருமகனும் பைக்கில் போய்விடுவார்கள். நாள் வாடகை 3,800 மிச்சம். இரண்டு பெரியவர் டிக்கெட் 2,978, சாப்பாடு, லாக்கர் எல்லாம் சேர்த்தாலும் நாலாயிரத்துக்குள். டிக்கெட் காசை நான் தருகிறேன் என்றதற்குத் தம்பி, "தாய்மாமன் சீர்ல கழிச்சிக்கோக்கா" என்றான். ஒரு பெரிய ஆளும் ஒரு பையனும் என்றால் வரிசையில் நிற்பதும் சுமையில்லை, இருவருக்கும் அதுதானே வேலை.

அதே புதன்கிழமை சாயங்காலம் நான் ஆபீஸிலிருந்து நேரே தீவுத்திடல் போய்விடுவேன், பாரிமுனையிலிருந்து எட்டி விழுகிற தூரம். வீட்டுக்காரர் ஐந்து மணிக்குக் கடையை அங்கே வேலை பார்க்கிற பையனிடம் விட்டுவிட்டு அத்தையையும் பெண்ணையும் மெட்ரோவில் கூட்டி வருவார். கடைப் பையன் பஞ்சர் வரை பார்த்துக்கொள்வான். இரண்டு செலவையும் கூட்டினால் ஆறாயிரத்தைத் தாண்டாது.

குடும்பமாகப் போகாமல் பிரித்து அனுப்புவது என்ன குடும்பம் என்று அக்கம்பக்கத்தில் ஒருவர் கேட்டார். போன வருஷம் சேர்ந்துதான் போனோம். ஆறரை மணி நேரத்தில் ஐந்து பேரும் ஒன்றாக இருந்தது சாப்பாட்டு மேஜையில் இருபது நிமிஷம்.

பெண் மட்டும் ஒரு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். அண்ணனுக்கு மட்டும் பெரிய பார்க்கா என்று. "எனக்கு ஆரு அப்பளத்துக்குத் துணை?" என்று ஆயா கேட்ட பிறகு சரியாகிவிட்டாள்.

டிக்கெட் போட்டாயிற்று. போன வருஷம் வாங்கின அந்த 350 ரூபாய் நைலான் டிரவுசர் பீரோவில் இருக்கிறது, அதைப் பையனுக்கு இடுப்பில் நாடா கோத்துப் போட்டுப் பார்க்க வேண்டும். அவனுடைய பழைய டிரவுசர் பத்து மாதத்தில் தொடைக்கு ஏறிவிட்டது.